இணையத்தின் புதிய முகவரி முறையும் நம்மூர் வணிகமும்

முகவரி எழுதாத மடல் ஊர் சேர்வதில்லை. வேங்கிக்காலில் குடியிருக்கும் ஒருவருக்கு மடல் எழுதுவோர் 606604 என்னும் அஞ்சல் குறியீட்டு எண்ணை இட்டால், அம்மடல் நாட்டின் எம்மூலையில் பெட்டியில் இடப்பட்டாலும் நம் தெருவுக்கு வந்து சேர்கிறது. இந்த ஆறிலக்க எண்முறை நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு விடுதலை நாளன்று நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஒரே பெயருடைய ஊர்கள் பலவாக இருந்து அஞ்சல்காரர் பட்ட பாட்டை மூத்தோர் அறிவர்.

கணிப்பொறிகளும் இத்தகைய எண்களைக் கொண்டே ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன. நாம் தட்டச்சு செய்யும் இணையதளப் பெயர் நமக்காக ஏற்பட்டது. கணிப்பொறிக்கு வேண்டுவது எண்ணே. அந்த எண் வழங்கும் முறையில் இன்று ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. வியப்பு யாதெனின், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள இவ்வேங்கிக்காலின் சாலையில் நடந்து செல்லும் மாணவரின் சட்டைப்பையில் உள்ள கைப்பேசி பெரும்பாலும் புதிய முறைக்கு மாறிவிட்டது. அதே சாலையில் உள்ள கடைகளிலும் விடுதிகளிலும் அலுவலகங்களிலும் உள்ள கணிப்பொறிகளுள் பல இன்னும் பழைய முறையையே பற்றி நிற்கின்றன. இம்முரண்பாடு ஏன் எழுந்தது, அதனால் வணிகருக்கு நேரும் இழப்பு யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய முறையின் பிறப்பும் பஞ்சமும்

இன்று பரவலாக வழங்கும் பழைய முறைக்கு இணைய நெறிமுறை நான்காம் பதிப்பு என்பது பெயர். 1981ஆம் ஆண்டு செப்டம்பரில் இதன் இலக்கணம் வெளியிடப்பட்டது. 1983 சனவரி முதல் நாள், அமெரிக்காவின் அர்ப்பாநெட் என்னும் ஆய்வு வலையமைப்பு முழுவதும் இதற்கு மாறியது. ஒவ்வொரு முகவரியும் 32 பிட்டுகளால் ஆனது. 192.168.1.1 என்பது போல நான்கு எண்களைப் புள்ளியிட்டு எழுதுவதை மாணவர் பலர் கண்டிருப்பர். 32 பிட்டுகளால் ஆக்கத்தக்க முகவரிகள் மொத்தம் 429 கோடியே 49 இலட்சத்துச் சொச்சம். சில நூறு கணிப்பொறிகளே இணைந்திருந்த ஆய்வுக்கூட முயற்சிக்கு இஃது அள்ள அள்ளக் குறையாத களஞ்சியமாகத் தோன்றியதில் வியப்பில்லை. அதனை வகுத்தவர்களைக் குறைகூறுவதும் முறையன்று. உழவர் சந்தையில் கீரை விற்பவரும் கைப்பேசி வழியே பணம் பெறுவார் என்று அன்று யார் கண்டார்?

பங்கீட்டைப் பற்றி மட்டும் குறை கூற இடமுண்டு. தொடக்கத்தில் கேட்டவர்க்குக் கேட்டபடி வாரி வழங்கினர். அமெரிக்காவின் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகம் ஒன்றே ஒரு கோடியே 67 இலட்சம் முகவரிகளைப் பெற்றது. ஃபோர்டு மோட்டார் நிறுவனத்துக்கும் அதே அளவு கிடைத்தது. நம் நாட்டிலோ, விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் 1995 ஆகஸ்டு 15ஆம் நாள்தான் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. பந்தியில் பிந்தி அமர்ந்தவர் நாம். 140 கோடி மக்களைக் கொண்ட இந்நாட்டுக்கு வாய்த்த பழைய முகவரிகள் ஏறத்தாழ 4 கோடி அளவே.

2011 பிப்ரவரி 3ஆம் நாள் உலகப் பொதுக் களஞ்சியத்தின் கடைசிப் பகுதிகள் ஐந்து கண்டப் பதிவகங்களுக்கும் பிரித்தளிக்கப்பட்டன, களஞ்சியம் காலியாயிற்று. அடுத்த ஏப்ரலிலேயே நம் ஆசிய பசிபிக் வட்டாரப் பதிவகமும் பங்கீட்டைச் சுருக்கிக்கொண்டது. கிடைக்காத பொருளுக்குச் சந்தை தோன்றுவது இயல்பு. அதே 2011இல், நொடித்துப்போன கனடா நாட்டு நார்டெல் நிறுவனத்திடமிருந்து 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 75 இலட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. முகவரி ஒன்றுக்கு 11 டாலருக்குச் சற்று மேல். பின்னர் ஒரு முகவரி 50 டாலரைக் கடந்த காலமும் உண்டு. 2024 பிப்ரவரி முதல், அமேசானின் கணிப்பொறி வாடகைப் பிரிவு பொது முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு அரைக்காசு வீதம் கட்டணம் பெறுகிறது. அரைக்காசுதானே என எண்ணலாம். டாலர்க் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 44 டாலர் ஆகிறது. வெறும் எண்ணுக்கு வாடகை!

ஒட்டுப்போட்ட காலம்

பஞ்சம் வரும் என்பது வல்லுநர்க்குத் தெரியாததன்று. 1994ஆம் ஆண்டிலேயே ஓர் ஒட்டுப்போடும் வழியைக் கண்டனர். அதனை முகவரிப் பெயர்ப்பு என்போம். தொழில்நுட்பத்தார் நாட் என்பர். நம் கல்லூரி அலுவலகத் தொலைபேசியைக் கொண்டு இதனை விளக்கலாம். வெளியுலகுக்குத் தெரிந்த எண் ஒன்றே. உள்ளே முதல்வர் அறைக்கு ஓர் எக்ஸ்டென்ஷன், நூலகத்துக்கு ஒன்று, துறைகளுக்குச் சில என உள்ளெண்கள் இருக்கும். உள்ளிருப்பவர் எவரும் வெளியே பேசலாம். வெளியிலிருந்து வருபவரோ இடையில் உள்ளவரைக் கடந்தே உள்ளே வரமுடியும். ஒரு கடையில் இருபது கணிப்பொறிகள் இருப்பினும் ரவுட்டர் என்னும் கருவி ஒரே பொது முகவரியைக் கொண்டு அனைத்தையும் இணையத்தோடு பேசவைப்பது இவ்வாறே.

இதுவரை தீங்கில்லை. பஞ்சம் முற்றவே, இணைய இணைப்பு வழங்குவோர் இவ்வித்தையைத் தாமும் கைக்கொண்டனர். ஒரு கடைக்கு ஒரு முகவரி என்பது போய், ஒரு தெருவுக்கு ஒன்று, ஒரு வட்டாரத்துக்கு ஒன்று எனப் பங்கிட்டனர். 2012இல் இதற்கெனத் தனி எண்வரிசையே ஒதுக்கப்பட்டது. எக்ஸ்டென்ஷனுக்குள் எக்ஸ்டென்ஷன் வைத்தது போன்ற நிலை இது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் கூறுவேன். கிரிவலப் பாதையை அடுத்துள்ள ஒரு சிறு விடுதியின் உரிமையாளர் எனக்கு நண்பர். பௌர்ணமி நாள்களில் நள்ளிரவு வரை வாயிலில் கூட்டம் நிற்கும். அந்நாளில் தாம் வெளியூரில் இருந்தாலும் வாயிலைக் காணவேண்டும் என விரும்பிக் கண்காணிப்புக் கேமராக்களை அமைத்தார். விடுதிக்குள் படம் தெளிவாகத் தெரிந்தது. வெளியூர் சென்றதும் ஒன்றும் தெரியவில்லை. கேமரா பழுதென்று கருதி இருமுறை மாற்றினார். பழுது கேமராவில் இல்லை. அவருடைய விடுதிக்கெனத் தனி முகவரி இல்லாமையே காரணம். அவரது இணைப்பு வேறு பல வாடிக்கையாளரோடு ஒரே பொது எண்ணைப் பகிர்ந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து வந்து கதவைத் தட்டுபவருக்கு எந்த வீட்டுக் கதவென்று தெரியாதல்லவா?

அவர்முன் இரு வழிகள் இருந்தன. மாதந்தோறும் தனிக் கட்டணம் செலுத்தி ஒரு நிலையான பழைய முகவரியைப் பெறுவது ஒன்று. கேமரா தயாரித்த நிறுவனம் எங்கோ ஒரு நாட்டில் வைத்துள்ள இடைக்கணிப்பொறி வழியாகப் படத்தைப் பெறுவது மற்றொன்று. அவர் செலவில்லாத இரண்டாவதைத் தேர்ந்தார். தம் விடுதிக்கு வருவோர் போவோர் முகமெல்லாம் முன்பின் அறியாத எவருடைய கிடங்கு வழியாகவோ சென்று திரும்புகின்றன என்பதை நான் கூறியபோதுதான் அவர் சற்றே திகைத்தார். முகவரிப் பஞ்சத்தால் வணிகர் இழப்பது பணம் மட்டுமன்று. தம் பொருளைத் தாமே காணும் உரிமையையும் பிறர் கையில் ஒப்படைக்கின்றனர்.

பகிர்ந்த முகவரியால் வரும் மற்றொரு தொல்லையும் ஈண்டுக் கருதத்தக்கது. ஒரே எண்ணைப் பகிரும் பலருள் ஒருவர் குற்றம் செய்தால் அந்த எண் முழுவதும் ஐயத்துக்கு உள்ளாகிறது. சில இணையதளங்கள், நீவிர் மனிதர்தாமா என்று வினவி, போக்குவரத்து விளக்குகள் உள்ள படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். குற்றம் துப்புத்துலக்கும் காவலருக்கும் முகவரி மட்டும் போதாது. அந்நேரத்தில் பயன்பட்ட போர்ட் எண்ணும், நொடி பிசகாத நேரக்குறிப்பும் வேண்டும். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல், 2017 அக்டோபரில் இத்தகைய பெருமளவுப் பகிர்வு முடிவுக்கு வரவேண்டும் என்று வெளிப்படையாகவே கோரியது. ஒருவர் செய்த பிழைக்கு மற்றொருவர் வாயிலில் காவலர் நிற்கும் நிலை எந்த வணிகருக்கும் வரலாகாது.

ஆறாம் பதிப்பு

ஒட்டுப்போடும் வேலை ஒருபுறம் நடக்க, ஸ்டீவ் டீரிங், ராபர்ட் ஹிண்டன் ஆகியோர் எழுதிய புதிய நெறிமுறை 1995 டிசம்பரில் வெளிவந்தது. 1998இல் திருத்தம் பெற்று, 2017 சூலையில் முழுநிறைத் தரமாக ஏற்கப்பட்டது. இதுவே ஆறாம் பதிப்பு. ஐந்தாவது எங்கே என்று மாணவர் வினவக்கூடும். ஒலி முதலியவற்றைத் தொடர்ச்சியாக அனுப்பும் ஆய்வு ஒன்றுக்கு அந்த எண் முன்னரே வழங்கப்பட்டுவிட்டமையால் அதனைத் தாண்டிச் சென்றனர்.

புதிய முகவரி 128 பிட்டுகளால் ஆனது. நான்கு மடங்குதானே கூடியுள்ளது என்று எண்ணுதல் பிழை. ஒவ்வொரு பிட்டும் கூடும்போது எண்ணிக்கை இரட்டிக்கும். சதுரங்கக் கட்டத்தில் நெல் வைத்த கதையை நாம் கேட்டதுண்டு; அதே கணக்குத்தான். 429 கோடியை நான்கு முறை அடுக்கிப் பெருக்கினால் வரும் தொகை 39 இலக்கங்களைக் கொண்டது. ஒரு கடையின் ஒரு தளத்துக்கு வழக்கமாக ஒதுக்கும் பகுதியிலேயே, பழைய இணையத்தின் மொத்த முகவரிகளைப் போல 429 கோடி மடங்கு அடங்கும். நடுத்தர நிறுவனம் ஒன்றுக்கு அத்தகைய பகுதிகள் 65,536 வழங்குவது வழக்கம். இஃது ஊதாரித்தனம் ஆகாதா எனப் பெரியோர் கேட்பர். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். நிலத்தை அளந்து கொடுக்கும் பழக்கத்தில் ஊறிய மனம் எண்ணையும் அவ்வாறே அளக்கப் பார்க்கிறது. இங்கே சிக்கனம் வேண்டுவது முகவரியில் அன்று, அதனை நிருவகிக்கும் மனித உழைப்பில்தான்.

எழுதும் முறையும் மாறியுள்ளது. பதினாறு அடிமான எண்களை எட்டுக் கூறாக்கி, இடையே முக்காற்புள்ளி இடுவர். தொடர்ந்து வரும் சுழிக் கூறுகளை ஓரிடத்தில் இரட்டை முக்காற்புள்ளியால் சுருக்கலாம். 2001:0:0:0:0:0:0:1 என்பதனை 2001::1 என எழுதலாம். தமிழ் படித்தோர்க்கு இது புதிதன்று. தொகைநிலைத் தொடரில் மறைந்த உருபை விரித்துப் பொருள் கொள்வது போன்றதே.

இனி இம்முறையின் பெருங்குறைக்கு வருவோம். ஆறாம் பதிப்பு நான்காம் பதிப்போடு நேரே பேசாது. பழையது மட்டும் அறிந்த கணிப்பொறியும் புதியது மட்டும் அறிந்த கணிப்பொறியும் மொழிபெயர்ப்பவர் இன்றி உரையாட இயலாது. தமிழ்த் துறையினர் இதனை நன்கு உணர்வர். எழுத்துருக்கு எழுத்துரு குறியீடு மாறிய நாள்களில், ஒருவர் தட்டச்சு செய்த கட்டுரை மற்றவர் கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியதை மறந்திருக்கமாட்டோம். 1999ஆம் ஆண்டுச் சென்னைத் தமிழிணைய மாநாட்டில் பொதுத் தரம் பேசப்பட்டது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. எனினும் பழைய எழுத்துருவில் அச்சகங்கள் சில இன்றும் வேலை செய்கின்றன. தரம் சிறந்ததாயிருத்தல் வேறு. அனைவரும் மாறுதல் வேறு.

ஆகவே இரண்டையும் ஒரே காலத்தில் இயக்கும் இரட்டை அடுக்கு முறை கைக்கொள்ளப்பட்டது. ஒரு கணிப்பொறி இரு முகவரிகளையும் பெற்றிருக்கும்; எவ்வழி முதலில் திறக்கிறதோ அவ்வழியே செல்லும். புதியது மட்டும் வழங்கி, பழைய தளங்களுக்கு வழியில் மொழிபெயர்ப்புச் செய்வது மற்றொரு முறை. கைப்பேசி நிறுவனங்கள் பெரிதும் விரும்புவது பின்னதை.

கைப்பேசி முந்தியது, கடை பிந்தியது

மைய அரசின் தொலைத்தொடர்புத் துறை 2010 சூலையிலும் 2013 மார்ச்சிலும் ஆறாம் பதிப்புக்கான வழித்திட்டங்களை வெளியிட்டது. முகவரிகளை உள்நாட்டிலேயே வழங்க 2012இல் ஐரின் என்னும் பதிவகமும் நிக்சி அமைப்பின்கீழ் தோன்றியது. எனினும் திட்டங்கள் தாமாக நடப்பதில்லை. 2016 செப்டம்பர் 5ஆம் நாள் ரிலையன்ஸ் ஜியோ வணிகச் சேவையைத் தொடங்கியதே திருப்பம் எனலாம். புதிதாகப் பிறந்த அவ்வலையமைப்புக்குக் கோடிக்கணக்கான வாடிக்கையாளரை ஏற்கப் பழைய முகவரிகள் கிடைக்கவில்லை. ஆதலின் தொடக்கம் முதலே ஆறாம் பதிப்பைக் கைக்கொண்டது. அதே ஆண்டு சூன் முதல், புதிய முறை மட்டும் உள்ள வலையமைப்பிலும் இயங்காத செயலிகளை ஏற்கமாட்டோம் என ஆப்பிள் நிறுவனமும் விதித்தது. இன்று இந்தியாவில் இணையம் பயன்படுத்துவோருள் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் ஆறாம் பதிப்பில் செல்ல வல்லவர். உலகச் சராசரியைவிட இது மிகுதி. பந்தியில் பிந்தியவர் புதுப் பந்தியில் முன்வரிசையில் அமர்ந்துள்ளோம்.

வணிக நிறுவனங்கள் மட்டும் பின்தங்கியதேன்? சோம்பல் எனக் கூறிவிடலாகாது. மாறுவோர்க்கு உடனடிப் பயன் குறைவு, உடனடிச் செலவு மிகுதி. இதுவே உண்மைக் காரணம். ஆரணியில் பட்டு விற்பவரிடம் சென்று முகவரியை மாற்றுக என்றால், இன்று வேலை நடக்கிறதே என்பார். அவர் கூற்றில் தவறில்லை. அவருடைய கணக்கு மென்பொருள் பழைய எண்ணை நேராக எழுதிவைத்துக்கொண்டு இயங்கும். அச்சுப்பொறி, வருகைப் பதிவுக் கருவி, எடைப்பொறி ஆகியன பழையன. வங்கியோ, இன்ன முகவரியிலிருந்து வந்தால்தான் சம்பளப் பட்டியலை ஏற்போம் என்று ஒரு பழைய எண்ணைப் பதிந்துவைத்திருக்கும். இவற்றுள் ஒன்று பிசகினும் சம்பள நாளன்று அவருக்கே இடர்.

ஆயினும் அவர் அறியாத செய்தி ஒன்றுண்டு. இக்கட்டுரையில் நான் அழுத்திக் கூற விரும்புவதும் இதனையே. ஆறாம் பதிப்பு அவருடைய கடைக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்டது. 2007இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா முதல், கணிப்பொறிகள் அதனை இயல்பாகவே இயக்கிக்கொண்டு வருகின்றன. நாம் முகவரி கொடாவிடினும் தமக்குள் ஒன்றை ஆக்கிக்கொள்ளும். கடையின் ஃபயர்வால் என்னும் காவற்கருவி பழைய முறைக்கு மட்டும் விதிகள் எழுதப்பெற்றிருந்தால், முன்வாயிலில் காவலன் நிற்க, பின்வாயில் தாழிடப்படாமல் கிடக்கும். தீயநோக்குடையோர் ஒருவர் கடையின் வலையமைப்புக்குள் ஒரு மடிக்கணிப்பொறியை இணைத்து, நானே வழிகாட்டி என்று புதிய முறையில் அறிவித்தால், மற்றக் கணிப்பொறிகள் அதனை நம்பிவிடும். எமக்கு ஆறாம் பதிப்பு வேண்டா என்பது ஒரு முடிவாகலாம். எம்மிடம் அஃது இல்லை என்பது பெரும்பாலும் பிழை.

முகவரிப் பெயர்ப்பே பாதுகாப்பு என்று கருதுவோரும் உளர். எக்ஸ்டென்ஷன் எண் வெளியே தெரியாதாகையால் எவரும் தொல்லை தரார் என்னும் எண்ணம் அது. மறைந்திருத்தல் வேறு, காக்கப்படுதல் வேறு. வெளியிலிருந்து கேளாமல் வரும் இணைப்பைத் தடுப்பது ஃபயர்வாலின் பணி. அதனை ஆறாம் பதிப்பிலும் அவ்வாறே செய்யலாம், செய்யவும் வேண்டும். மேலே கூறிய விடுதிக்காரர் தம் கேமராவுக்குப் புதிய பொது முகவரி வாங்கி, தயாரிப்பாளர் இட்ட கடவுச்சொல்லையும் மாற்றாமல் விட்டால், அவர் மட்டுமன்று, உலகமே அவர் வாயிலைக் காணும்.

மாற விரும்பும் நிறுவனம் எங்கே தொடங்குவது? வெளியிலிருந்து உள்ளே வருதல் நன்று. முதலில் நிறுவனத்தின் இணையதளம். வாடகைக் கணிப்பொறியில் இருக்குமாயின் ஒரு நாள் வேலைதான். திருவண்ணாமலைக்கு வெளிநாட்டு அன்பர் பலர் வருகின்றனர். அவர்தம் கைப்பேசி புதிய வழியில் நேரே வந்து அறை பதிவு செய்யட்டும். அடுத்து, இணைப்பு வழங்குவோரிடம் ஆறாம் பதிப்பைக் கேட்டுப் பெறுதல். 2022 டிசம்பர் 31க்குப் பின் வழங்கும் புதிய கம்பிவழி இணைப்புகள் ஆறாம் பதிப்பை ஏற்கவல்லனவாக இருத்தல் வேண்டும் என்பது தொலைத்தொடர்புத் துறையின் விதி. அரசு அலுவலகங்களுக்கு அதே ஆண்டு சூன் 30 கெடுவாக வைக்கப்பட்டது. ஆதலின் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. பின்னர் விருந்தினர்க்கான வைஃபை. கணக்குப் பிரிவைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். எந்நிலையிலும் மென்பொருளில் எண்ணை எழுதாமல் பெயரை எழுதப் பழகவேண்டும். இனி வாங்கும் எக்கருவியாயினும் ஆறாம் பதிப்பு உண்டா எனக் கேட்டே வாங்குதல், செலவில்லாத முதற்படி.

ஒரு தொழில்நுட்ப எச்சரிக்கையும் கூறவேண்டும். பழைய பழக்கத்தில், கணிப்பொறிகள் தமக்குள் அனுப்பும் ஐ.சி.எம்.பி. என்னும் அறிவிப்புச் செய்திகளை முற்றிலும் தடுத்துவிடும் நிருவாகிகள் உளர். புதிய முறையில் இவற்றைத் தடுத்தால் வலையமைப்பே முடங்கும். சிறு பக்கங்கள் திறக்கும், பெரிய கோப்புகள் பாதியில் நிற்கும், காரணம் எவருக்கும் புலப்படாது. புதிய முறை விரைவானது என்றும், இயல்பாகவே மறைகுறியாக்கம் உடையது என்றும் விற்பனையாளர் கூறுவதையும் அப்படியே ஏற்கவேண்டா. விரைவு சில வழிகளில் சற்றே கூடலாம், அவ்வளவே. மறைகுறியாக்க வசதி கட்டாயமாக இருந்த நிபந்தனையும் 2011இல் பரிந்துரையாகத் தளர்த்தப்பட்டுவிட்டது. தனியுரிமையைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் கருவியின் பிறப்பு எண்ணே முகவரியில் பொதிந்திருந்தது. இப்போது அடிக்கடி மாறும் தற்காலிக முகவரிகளைக் கருவிகளே ஆக்கிக்கொள்கின்றன. இதனால் நிருவாகிக்கு ஒரு புதுவேலை: இன்ன நேரத்தில் இன்ன முகவரி எந்தக் கணிப்பொறியுடையது என்ற பதிவைக் காத்தல். இந்தியக் கணினி அவசரநிலைக் குழு 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணைப்படி, இத்தகைய பதிவுகளை 180 நாள் வைத்திருத்தல் கடமை.

விடுதி நண்பரின் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. பன்முறை கேட்டபின் அவருக்குப் புதிய மோடம் வந்தது. அதனோடு ஆறாம் பதிப்பு முகவரிகளும் வந்தன. கடவுச்சொல்லை மாற்றி, தம் கைப்பேசி ஒன்றுக்கு மட்டும் பாதுகாப்பான தனிவழி திறந்துவைத்தார். சென்னையில் மகள் வீட்டிலிருந்தபடி கைப்பேசி இணைப்பில் இப்போது வாயிலை நேரே காண்கிறார். மகள் வீட்டு வைஃபையில் மட்டும் தெரியவில்லை. அங்கே இன்னும் நான்காம் பதிப்புத்தான். இணைப்பு வழங்குவோரிடம் கேட்குமாறு மகளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.